பிரெஞ்சுக்காரி பேசிய தமிழ்

— பையைக் கீழ வை, சொர்ணம். ஆலங்குடிக்குப் போயி ஒங்க ஆத்தாகிட்ட என்னன்னு சொல்லுவ?

— ஒங்க மருமகனுக்குப் பிரெஞ்சுக்காரி ஒருத்தி வாச்சுட்டா, இனி எனக்கு அங்க என்ன வேலைன்னு சொல்லுவேன்.

— அடக் கிறுக்கச்சி! அவ சினிமாப் படத்துல வாறவ.

— படத்துல வந்தா என்ன? அஞ்சு நாளா மைக்கப் புடிச்சுக்கிட்டு அவளுக்காகத்தான கொஞ்சிக் கொஞ்சிப் பேசுறீங்க?

— வெளங்காத பாசையில படம் வந்தா ஓரமா நின்னு தமிழ்ல கதை சொல்லணும். கொட்டகையில அதுக்குத்தான என்னைய வச்சிருக்காக?

— போன மாசம் இங்கிலீசுப் படத்துக்கும்தான் சொன்னீங்க. ‘இவன் சுடுறான், அவன் சாகுறான்’னு முடிச்சுட்டீங்க. இப்ப மட்டும் எங்கிட்டிருந்து வந்துச்சு இம்புட்டுப் பேச்சு? ‘திருப்பதி அண்ணன் சொல்றதக் கேக்கவே மறுக்கா போறேன்’ங்கிறா அடுத்த வீட்டு ராசாத்தி. அன்னவாசலே விழுந்து சிரிக்குதாம். எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியுது.

— அதுல சண்டை இல்ல, பாட்டு இல்ல, சொர்ணம். ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்காக. அவன் ஒண்ணு சொன்னா அவ சுருக்குன்னு ஒண்ணு திருப்பிக் குடுக்குறா. அந்தப் பேச்சுலயே பய சொக்கிப் போறான். அப்படியாப்பட்ட படம்.

— பாருங்களேன், சொல்றப்பவே மொகத்துல வாற வெளிச்சத்த! எல்லாப் படத்துக்கும் வாறியான்னு கூப்புடுற மனுசன் இதுக்கு மட்டும் வராதேன்னீங்களே, ஏன்?

— அது வந்து...

— சொல்லுங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.

— காரைக்கால் பக்கம் ஓடி முடிஞ்ச படம். மலிவாக் கெடச்சுதுன்னு மொதலாளி பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டாரு. எனக்கு அதுல ஒரு வார்த்தை வெளங்கல. அவ வாய் அசையுது, சனமெல்லாம் என் மொகத்தையே பாக்குது. நான் என்னத்தச் சொல்ல?

— என்னத்தச் சொன்னீங்க?

— அவன் மழையில தொப்பலா நனைஞ்சு, நேரங்கழிச்சு வந்து ஏதோ சாக்குச் சொல்றான். அதுக்கு அவ, ‘கொடைய மறந்துட்டீங்க, பொய்ய மட்டும் மறக்காமக் கொண்டாந்துட்டீங்களே’ங்கிறா.

— இருங்க, இருங்க. அது நான் சொன்னதுல்ல? போன ஐப்பசியில நீங்க நனைஞ்சு வந்தன்னிக்கு?

— ஆமா. அவ பேசுறது பூராவும் ஒம் பேச்சுதான். வந்தா கண்டுபுடிச்சுருவன்னுதான் வராதேன்னேன். ஊரே சிரிக்கிறது ஒன் வாய்க்குத்தான் புள்ள. இப்பவாச்சும் அந்தப் பையைக் கீழ வை.

— அதக் கேட்டுட்டு படத்துல அவன் என்ன செஞ்சான்?

— வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். அவ கையப் புடிச்சவன் விடவே இல்ல.

— அன்னிக்கு நீங்க சோத்துத் தட்டத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சுப் போனீங்க. வழிய விடுங்க, இப்பத்தான் எனக்கு அவ மேல நெசமாவே பொறாமையா இருக்கு.