பீரோவுக்குள் காதுமிஷின்

"ஸ்கூல் விட்டு வந்ததும் காதுமிஷினக் கழட்டி நகையோட பீரோவுல வச்சுப் பூட்டிருவேன் மைனி. இன்னைக்கும் பூட்டிட்டுத்தான் வந்தேன். இன்னும் புதுசாவே இருக்கு."

கிழக்கேகோட்டையில் பஸ் கிளம்பியதும் முன் சீட்டுப் பெண் இதைப் பெருமையாகச் சொன்னாள். பக்கத்தில் அவளுடைய அண்ணன் மனைவி. பேசியவளின் எட்டு வயது மகள் ஜன்னலோரம்; மிஷின் அவளுடையது.

"அப்ப சாயங்காலம் பிள்ளை எப்படி வெளையாடப் போவா?"

"போகமாட்டா. மத்த பிள்ளைக கூப்பிட்டா இவளுக்குக் கேக்காது, அதனால சேத்துக்க மாட்டாவ. போன் பாத்துட்டு இருப்பா. வேர்த்தா மிஷின் கெட்டுப்போவும்லா?"

"வேர்த்தா தொடச்சு வைக்கணும். பிள்ளை ஒரே இடத்துல இருந்து ஊதிப்போயி கெடக்கா. யாருகிட்டயும் வாயத் தொறக்கல்ல."

"தொலஞ்சா இவ அப்பா என்னைக் கொன்னுருவாரு."

"மிஷின் தொலஞ்சா கொல்லுவாரு. பிள்ளை இப்படிக் கெடந்தா ஒண்ணும் சொல்லமாட்டாரு, என்ன?"

பின் சீட்டிலிருந்த நான் கேட்டிருந்தால் இன்னும் மோசமாகக் கேட்டிருப்பேன்.

அவர்கள் இறங்கும் இடம் வந்தது. பஸ் நிற்பதற்குள் சிறுமி திறந்திருந்த கதவுப் படிக்குப் போய்விட்டாள்.

"மோளே, நிக்கு! நிக்கு!" என்று பின்னாலிருந்து கண்டக்டர் கத்தினார். அவள் திரும்பவே இல்லை. ஒரு காலை வெளியே நீட்டியபோது மைனி பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். கண்டக்டர் மலையாளத்தில் திட்டித் தீர்த்தார்.

"அவளுக்குக் காது கேக்காது சாரே" என்று தாய் கும்பிட்டாள்.

மைனி பிடியை விடாமல் தாயைக் காட்டிச் சொன்னாள்:

"மிஷின் போட்டா நல்லாக் கேக்கும் சாரே. இவதான் போட விடமாட்டேங்கா."