சவரிராயன் வீட்டு பிரெஞ்சு ஜாடி

குடும்பத்திலே சமாதானம் வேணும்னு பேசிக்கிட்டிருக்கோம்... அதுக்கு நடுவிலே குட்டியா ஒரு கதை சொல்றேன், கேளுங்க.

நம்ம பாண்டிச்சேரியிலே சவரிராயன்னு ஒருத்தர். பாரீஸ்ல இருக்கிற மச்சினர் அவருக்கு ஒரு பழைய ஜாடி கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஊர்க் குயவர் ஒருத்தர் தன் பட்டறையிலே கையாலேயே வனைஞ்சு, அடியிலே தன் பேரையும் கீறி வெச்ச ஜாடி. நீலமும் பச்சையும் வழிஞ்சு வழிஞ்சு... அவ்வளவு அழகு.

சம்சாரம் பிலோமினா என்ன கேட்டாங்க? "எலுமிச்சங்கா ஊறுகா போட்டுக்கவா?" மனுஷன் அன்னைக்குப் பூரா அவங்களோட பேசலே.

ஹால்ல ஒரு முக்காலி போட்டு ஜாடியை வெச்சார். வெச்ச நாள்லேருந்து அவருக்கு இருப்புக் கொள்ளலே. ஃபேன் வேகமாச் சுத்தினா பயம். பூனை குறுக்கே போனா பயம். மாதா கோயில்ல பூசை நேரம்... சாமியார், "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள்"ங்கிறார். இவர் சம்சாரத்தைப் பார்த்துக் கையைக் கூப்பி என்ன சொன்னார் தெரியுமா? "ஜன்னலைச் சாத்தினியா?"

சிரிக்கிறீங்க... சிரிங்க.

மக அமலி பிள்ளையோட வந்திருந்தா. பிள்ளைக்கு ஒரு வயசு தாண்டியும் நடக்கலே. பாக்கிறவங்கெல்லாம், "இன்னும் நடக்கலையா? இன்னும் நடக்கலையா?" அந்தப் பொண்ணு போகாத டாக்டர் இல்லே, வேண்டாத மாதா இல்லே.

ஒருநாள் பிள்ளையை நாற்காலியைப் பிடிக்கவெச்சு, "கொஞ்சம் பாத்துக்கங்கப்பா"ன்னுட்டு அடுப்படிக்குப் போனா. ஜாடி மேல வெயில் பட்டுப் பளபளன்னுது. பிள்ளை பாத்தான்... நாற்காலியை விட்டான்... கையை நீட்டிக்கிட்டே வந்தான்.

சவரிராயன் என்ன பண்ணினார்? "ஐயோ ஜாடி"ன்னு பாஞ்சு போய் ஜாடியைக் கட்டிப் பிடிச்சார். பிள்ளை மிரண்டு பொத்துன்னு உக்காந்துட்டான்.

அமலி ஓடி வந்தா. நாற்காலி அங்கே... பிள்ளை இங்கே.

"இவன் எப்படிப்பா இங்க வந்தான்?"

"நடந்துதாம்மா வந்தான்."

அவளுக்குக் கண்ணுல தண்ணி நிக்கலே. பிள்ளையை வாரி எடுத்துக்கிட்டா. "எந்தக் காலப்பா முதல்ல எடுத்து வெச்சான்? வலது காலா?"

சவரிராயன் ஜாடியை விட்டுக் கையை எடுத்தார். மெதுவா, "தெரியலையேம்மா. நான் ஜாடியைப் பாத்துட்டேன்."

கேட்டீங்களா... "நான் ஜாடியைப் பாத்துட்டேன்."

அழகான சாமான் வீட்டிலே வைக்காதேன்னு நான் சொல்லலே. தாராளமா வைங்க. ஆனா நீங்க பதறிப் பதறிக் காவல் காக்கிறது எதை? ஒருத்தருக்கு அது கார், ஒருத்தருக்கு கௌரவம். கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம். பிள்ளைங்க நம்ம முன்னாலேயே நடந்து போறாங்க, நாம பாக்கலே.

ஜாடிக்கு ஒரு கீறல் இல்லேங்க, முழுசா இருக்கு. உடைஞ்சிருந்தாக்கூட இன்னொண்ணு கிடைக்கும். பேரனோட முதல் அடி... அதை எந்தப் பாரீஸ்ல போய்த் தேடுவார்?