செத்தவர் நம்பருக்கு ஒரு போன்

இப்போதுதான் படிக்கப் பழகிய நான், சூலூரில் பஸ் போர்டை எழுத்துக் கூட்டி நானே படித்து ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"செத்துப்போனவரு நம்பருக்குப் போன் பண்ணிப்போட்டேனுங்க்கா," என்றாள் இளையவள்.

"ஆருக்கு அம்மணி?"

"பாஸ்கெட்பால் ஆடுவாரே, நம்ம நெட்டையண்ணன், அவருக்குத்தானுங்க. நாளைக்கு எங்க ஊட்டுக்காரருக்கு ஆபரேசன். சேருற ரத்தம் எங்கயுமே கெடைக்கலைங்க. போன தடவை அண்ணன்தான் கூட ஆடுறவங்களைக் கூட்டியாந்து குடுக்க வெச்சாரு."

"வெளிநாடெல்லாம் போயி ஆடுனாலும், ரத்தம் வேணும்னா ஓடியாருவாரு. போன வாரந்தானே போய்ச் சேந்தாரு, போனை ஆரு எடுத்தா?"

"அவரு சம்சாரமுங்க. ஆஸ்பத்திரி பேரை மட்டும் கேட்டாங்க. அப்புறம் அழுதுபோட்டு வெச்சுட்டாங்க."

"இன்னும் பதினாறு கும்பிடலை. வாசப்படி தாண்டாம உக்காந்திருக்கறவகிட்டப் போயி ரத்தம் கேட்டயா? நல்லா இருக்குது."

"எனக்கு வேற ஆரைத் தெரியும், சொல்லுங்க்கா."

இளையவள் போனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அது அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நல்ல கூட்டம். அத்தனை தலைகளுக்கும் மேலே நாலைந்து தலைகள் தனியாகத் தெரிந்தன. அவர்கள் நடுவில் ஒரு பெண், பஸ்ஸை ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அண்ணன் சம்சாரமே வந்திருக்காங்க," என்றாள் இளையவள்.