அலங்காரச் சொற்கள்

"எவ்வளவு படிச்சிருக்கே கண்ணு?"

"பன்னிரண்டாவது முடிச்சிருக்கேன் அம்மா."

"அது போதும். ரொம்பப் படிச்சவங்க வேணாம்னு ஏஜென்சியில சொல்லிட்டுதான் வந்தேன். வீட்ல ஏற்கெனவே ஒருத்தர் படிச்சுப் படிச்சுத்தான் இப்படிப் படுத்திருக்கார்."

சொல்லிவிட்டு அம்மா தானே சிரித்தார். நானும் சிரித்தேன். வேலை கேட்டுப் போன இடத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. வேலை கிடைத்ததும் அதுதான் முதல் தடவை.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு அந்தச் சமையலறை வாசல்தான் ஆரம்பம். அம்மா என்று நான் சொல்வது பேராசிரியரின் மனைவியை, என்னைப் பெற்றவரை அல்ல. ஆனால் காலையில் நான் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் டீயை என் கையில் திணித்துவிடுவார். கொஞ்சம் தாமதமாகப் போனால், "சாப்பிடாம ஓடி வந்தியா? மூஞ்சியே சொல்லுதே" என்பார். வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது?

நான் அவரிடம் சொன்னது பொய். பேச்சுப் பயிற்சியில் முதுகலையும் அதற்கு மேல் முனைவர் பட்டமும் வாங்கியிருக்கிறேன். பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களுக்கு அதை எப்படி மீட்டுக் கொடுப்பது என்பதுதான் என் ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்தவர், பக்கவாதம் வந்து பேச்சை இழந்து, உள்ளறையில் படுத்திருந்தார். படிக்கிற காலத்தில் நான் அந்த வீட்டுக்குப் போனதில்லை, அம்மாவுக்கு என்னைத் தெரியாது. ஏஜென்சி அந்த முகவரியை என்னிடம் கொடுத்தது தற்செயல். வாசலில் பெயர்ப் பலகையைப் படித்த பிறகும் நான் மணியை அடித்தது தற்செயல் இல்லை. இதை நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தைய ஏழு வருடங்களை அண்ணன் வீட்டில் கழித்தேன். அண்ணி கெட்டவர் இல்லை. "டாக்டர் மேடம், இந்த வெங்காயத்துக்கு ஒரு ஆபரேஷன் பண்ணிக் குடுங்களேன்" என்பார். சிரித்துக்கொண்டே நறுக்குவேன். விருந்தாளிகள் வந்தால், "நம்ம வீட்டு டாக்டர்தான், என்ன, ஊசி மட்டும் போடத் தெரியாது" என்பார். அதற்கும் சிரிப்பேன். ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலைக்குப் போனேன். "இவ்வளவு படிச்சவங்க ரெண்டாவது மாசமே ஓடிடுவீங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். ஓடுவதற்கு எனக்கு வேறு இடம் இருந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்?

என் படிப்புக்குப் பொருத்தமான இடங்களில் நடந்தது வேறு. எல்லாச் சுற்றும் நன்றாகப் போகும். கைகுலுக்குவார்கள். எந்த அறையில் உட்காரப் போகிறேன் என்றுகூட ஓரிடத்தில் காட்டினார்கள். அதன் பிறகு பேச்சு மூச்சு இருக்காது. கடைசியில் ஒரு மருத்துவமனையின் தலைமை மருத்துவர் இரக்கப்பட்டுக் காரணத்தைச் சொன்னார்.

"உங்க புரொஃபசருக்கு போன் பண்ணினோம்மா. உங்க பேரைச் சொன்னதும் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் 'அது... அந்தப் பொண்ணு வந்து...'ன்னு இழுத்தார். போனை வெச்சுட்டார். நாங்க என்னன்னு எடுத்துக்கறது, சொல்லுங்க?"

திட்டியிருந்தால் மறுத்துப் பேசலாம். மௌனத்தை மறுத்து என்ன பேசுவது? ஒரு மனிதர் வாயைத் திறக்காமலே இன்னொருவருடைய வாழ்க்கையை மூட முடியும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அவர் கற்றுக்கொடுத்த பாடங்களில் அதுவும் ஒன்று.

அவரிடமே போய்க் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். ஒருமுறை அவர் அறை வாசல் வரை போனேன். கேட்க வேண்டிய வாக்கியத்தை மாடிப்படியில் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் ஏறினேன். கதவைத் தட்டவில்லை. நல்ல வார்த்தை என்பது கேட்டு வாங்குகிற பொருளா? அப்போது அப்படி நினைத்தேன்.

அவருடைய நிலைமையை உங்களுக்கு விளக்க வேண்டும். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. காதில் விழுவதெல்லாம் புரியும். அறிவு பழையபடியே இருந்தது. சொல் மட்டும் வெளியே வராது. எழுத்தும் வராது. உள்ளேயிருந்து சொல் வெளிவருகிற வாசல் ஒன்றுதான், அது அடைத்துக்கொண்டால் நாக்குக்கும் கைக்கும் சேர்த்தே அடைத்துவிடும். முதல் சில மாதங்களில் விடாமல் பயிற்சி கொடுத்தால் அந்த வாசலை நிறையத் திறக்கலாம். பிறகு மெல்ல மெல்ல இறுகிவிடும். இதெல்லாம் அவரே வகுப்பில் சொன்னது.

என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். இடது கையை நீட்டினார். ஏதோ ஒலி எழுப்பினார். என் பெயரை ஆரம்பிக்கிற மாதிரி இருந்தது. கண்ணில் நீர் வந்தது. நான் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டேன். மகிழ்ச்சியாகவும் இருந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். நீங்கள் அப்போது அங்கே இல்லை.

"என்னமோ சொல்றாரே, என்ன கண்ணு அது?" என்றார் அம்மா.

"தண்ணி கேக்கறார் அம்மா."

அம்மா தண்ணீர் கொண்டுவந்தார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தார். வேறு என்ன செய்ய முடியும்? "பரவாயில்லையே, வந்த அன்னிக்கே உனக்குப் புரியுதே" என்று அம்மா என் கன்னத்தைத் தொட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

அவரை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். வேளை தவறாமல் புரட்டிப் படுக்க வைத்தேன். முதுகில் ஒரு புண் கிடையாது. முகம் வழிப்பது, நகம் வெட்டுவது எல்லாம் நான்தான். என் குரல் ஒருநாளும் உயர்ந்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து போய்க்கொண்டிருந்தார். கெட்டிக்காரப் பெண்தான். கூட நின்று பார்த்து நானும் கற்றுக்கொண்டுவிட்டதாக அம்மா நினைத்தார். "தினமும் நானே சொல்லிக் குடுக்கறேன் அம்மா, அவங்க வந்துட்டுப் போனா இவர் ரொம்பக் களைச்சுப் போறார்" என்றேன். அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு நானே சொல்லிக் கொடுத்தேன். உண்மையாகவே சொல்லிக் கொடுத்தேன்.

பேராசிரியர் எங்களுக்கு வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று உண்டு. "படுத்திருக்கிறவருக்கு முதல்ல வேணும், வேண்டாம், வலிக்குது, இந்த மூணையும் குடுங்க. கூடவே வீட்டுக்காரங்க பேரைக் குடுங்க. மனுஷன் மறுபடியும் மனுஷனாயிடுவான். மத்தது எல்லாம் அலங்காரம்."

நான் அவருக்கு அலங்காரத்தை மட்டும் கொடுத்தேன். ஆணி. வாளி. திரை. சுவர். கதவு. ஒவ்வொரு சொல்லுக்கும் வாரக்கணக்கில் உழைத்தோம். உதட்டை எப்படிக் குவிப்பது, நாக்கை எங்கே வைப்பது என்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தபடியே அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான். முதலில் வாயை இறுக மூடிக்கொண்டார். அப்புறம் எதுவுமே இல்லாததற்கு ஆணியாவது இருக்கட்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். சொன்னார். "ஆணி" என்று அவர் சொன்ன அன்று அம்மா கைதட்டி அழுதார்.

"எல்லாத்தையும் சொல்றார், என்னைக் கூப்பிடத்தான் வரலை இல்ல?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"வரும் அம்மா. அவசரப்படுத்தக் கூடாது."

அவர் அம்மாவைக் 'குயிலு' என்றுதான் கூப்பிடுவாராம். கேலிப் பெயர். அம்மாவுக்குச் சுருதியே சேராது. ஆனால் வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. பழைய சினிமா மெட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, கையில் என்ன வேலையோ அதையே பாட்டாகப் போட்டுவிடுவார். துணி காய்ஞ்சுதா, எடுக்கணுமா, வாசல்ல யாரு வந்திருக்காங்க, இப்படி. கல்யாணமான புதிதில் அதைக் கேட்டுவிட்டு அவர் வைத்த பெயர். "அந்தப் பேரைக் கேட்டா அப்பல்லாம் எரிச்சலா வரும் கண்ணு. இப்ப ஒரு தடவை கூப்பிட்டுட்டார்னா போதும், நான் வேற எதுவும் கேக்க மாட்டேன்."

ஒரு வாரம் போதும் எனக்கு அந்தச் சொல்லை வரவழைக்க. நான் கொடுக்கவில்லை. என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைக்காக நான் காத்திருந்ததை விட அம்மா காத்திருந்தது குறைவுதான்.

இன்னொன்றும் செய்தேன். இது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். பேச்சு போனவர்கள் சிலருக்குப் பாட்டு போவதில்லை. மெட்டோடு சேர்ந்து வருகிற சொல்லுக்கு வேறு வழி இருக்கிறது. பேச்சுக்கான வாசல் அடைத்திருந்தாலும் அது கொல்லைப்புறமாக வந்துவிடும். இதையும் அவர்தான் எங்களுக்கு நடத்தினார். அதனால் வேலைக்குச் சேர்ந்த சில நாட்களிலேயே, "பாட்டு வேண்டாம் அம்மா, அவருக்குத் தலைவலி வருது போல" என்று சொல்லிவிட்டேன். அம்மா உடனே நிறுத்திக்கொண்டார். தெரியாமல் வாயில் வந்துவிட்டால், தப்புச் செய்த குழந்தை மாதிரி உதட்டில் விரலை வைத்துக்கொள்வார். தன் வீட்டுச் சமையலறையில்.

நடுவில் ஒருநாள் நாங்கள் இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். அம்மா தானாகவே பேச ஆரம்பித்தார்.

"இது திடீர்னு வந்ததுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே அவருக்குப் பேச்சு தட்டும் கண்ணு. அதுவும் போன்ல. யாராவது ஏதாவது கேட்டா, தெரிஞ்ச பேரே வராது. வேர்த்துப் போயிடும். போனை வெச்சுட்டு அப்படியே உக்காந்திருப்பார். 'நானே இந்தப் பாடம் நடத்தறவன், எனக்கே இப்படின்னு வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்க'ன்னு யார்கிட்டயும் சொல்ல விடலை. ஒரு தடவை, அவரோட பழைய ஸ்டூடண்ட் பொண்ணு ஒருத்தியைப் பத்தி யாரோ கேட்டாங்களாம். 'என்கிட்ட படிச்சதுலயே அவதான் ஒண்ணாம் நம்பர், வாயில வரமாட்டேங்குதே'ன்னு அன்னிக்கெல்லாம் சாப்பிடலை."

நான் கையிலிருந்த தலையணை உறையை நான்காக மடித்து அடுக்கினேன்.

அது யாரைப் பற்றி என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவரிடம் நிறையப் பெண்கள் படித்தார்கள். அப்படியே இருந்தாலும், தன் சிக்கலை மறைத்தது அவர் தவறுதானே? நான் இதையெல்லாம் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். மறுநாள் காலை வழக்கம்போல அவருடைய படுக்கைக்கு எதிரே உட்கார்ந்து, உதட்டைக் குவித்துக் காட்டி, 'கூடை' என்ற சொல்லை ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகுதான் அவர் 'கதவு' என்று சொல்லத் தொடங்கினார். நான் கொடுத்த சொல்தான். அம்மா உள்ளே வரும்போதெல்லாம் என்னைப் பார்ப்பார், வாசலைப் பார்ப்பார், "கதவு, கதவு" என்பார்.

"காத்து அடிக்குதாம் அம்மா, சாத்தச் சொல்றார்" என்பேன்.

அம்மா போய்ச் சாத்துவார். அவர் கண்ணை மூடிக்கொள்வார். எத்தனை தடவை நடந்தது என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் அந்தக் கதவு திறந்தே இருந்ததில்லை.

கடைசி நாள், மருந்து வாங்கப் போயிருந்தேன். கடையில் கூட்டம். திரும்பி மாடிப்படி ஏறும்போதே அம்மாவின் குரல் கேட்டது. நான் இல்லாத தைரியத்தில் பாடிக்கொண்டிருந்தார். துணி காய்ஞ்சுதா, எடுக்கணுமா. சுருதி வழக்கம்போல எங்கோ போய்க்கொண்டிருந்தது. அதன் அடியில் இன்னொரு குரல் சேர்ந்தது. கரகரப்பான, பழகாத குரல். துணி காய்ஞ்சுதா குயிலு. எடுக்கணுமா குயிலு.

அம்மாவின் பாட்டு நின்றுவிட்டது. பேராசிரியர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மெட்டு போய்விடும் என்று அவருக்குத் தெரியும், அவர் பாடம் அல்லவா. அதே மெட்டில், ஒவ்வொரு சொல்லாக ஏற்றி வைத்துக்கொண்டே போனார். இவளை அனுப்பிடு குயிலு. இவளை அனுப்பிடு குயிலு.

நான் வாசற்படியில் நின்றேன். ஓடியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு தெளிவாக விழுகிறது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் உதட்டுக்கும் நாக்குக்கும் அத்தனை மாதம் பயிற்சி கொடுத்தது யார்?

அம்மா திரும்பினார். முகமெல்லாம் கண்ணீர். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் என்னிடமே கேட்டார்.

"இவர் என்ன கண்ணு சொல்றார்?"

அன்றுதான் முதல் தடவையாகச் சரியாக மொழிபெயர்த்தேன்.

"என்னை வேலையிலேருந்து அனுப்பிடச் சொல்றார் அம்மா. 'கதவு, கதவு'ன்னு இத்தனை நாளா அதைத்தான் சொல்லிட்டிருந்தார். அந்த ஒண்ணாம் நம்பர் பொண்ணு நான்தான். அவரைப் பேச விடாம வெச்சிருந்ததும் நான்தான்."

உங்களிடம் இப்போது சொன்ன எல்லாவற்றையும் அப்போதே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இதே வரிசையில்தான் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. மடித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு, நான் பேராசிரியரை நெருங்கிவிடாதபடி கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். என் டீ மேசையில் மூடி வைத்திருந்தது.

நான் மருந்துப் பையை மேசைமேல் வைத்தேன். அம்மாவின் தோளுக்கு மேலாகப் பேராசிரியரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இவ்வளவு வருடமாக மாடிப்படியிலேயே நின்றுபோன அந்த வாக்கியத்தைக் கேட்க இதை விட்டால் வேறு சமயம் வராது என்று தோன்றியது. இப்போது அவரால் பதில் சொல்லவும் முடியும்.

"சார், அடுத்த எடத்துல கேட்டாங்கன்னா, என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்வீங்களா?"