பழைய டேப்பெட்டுகள்

உங்கள் தலைக்கு மேல் ஓடும் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், அந்தக் கரகரப்பு நின்றுவிடும். உட்கார்ந்ததிலிருந்து காதை அறுக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா, தொழில் புத்தி. ஒரு வண்டி தெருமுனை திரும்பும்போதே அதில் எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

மேஜையில் வைத்திருக்கிறீர்களே, அந்த டேப்பெட் என் கையால் மாட்டியதுதான். மறுக்கப்போவதில்லை. ஏன் மாட்டினேன் என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

பந்தய எஞ்சினுக்குக் கேம்ஷாஃப்ட் தேர்ந்தெடுப்பது, ஓர் ஆளுக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுப்பது மாதிரி. அந்தத் தண்டில் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். ஒவ்வொரு மேட்டின் மேலும் ஒரு டேப்பெட் உட்கார்ந்திருக்கும். மேடு திரும்பும்போது டேப்பெட் எழும், வால்வு திறக்கும், எஞ்சின் மூச்சிழுக்கும். மேடு உயர்ந்தால் மூச்சும் பெரியது. டேப்பெட்டில் இரண்டு ஜாதி உண்டு. சின்னச் சக்கரம் வைத்து உருள்வது ரோலர். அடி தட்டையாக, உரசியே ஓடுவது மற்றது. தட்டை டேப்பெட் நாம் போடும் செருப்பைப் போல. ஓட ஓடத் தன் மேட்டுக்கு ஏற்றபடி படிந்துவிடும். அதைக் கழற்றி வேறொரு புதுத் தண்டின் மேல் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். என் பட்டறையில் தரை கூட்டுகிறவருக்கும் இது தெரியும்.

மாப்பிள்ளைக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எஞ்சினை மூடிய பிறகு உள்ளே இருப்பது பழையதா புதியதா என்று யார் பார்ப்பார்கள்?

அவர் நல்ல மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மலைப்பாதைப் பந்தயத்தில் அவர் ஓட்டுவார். என் மகள் பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளை முன்கூட்டியே சொல்வாள். அவள் குரல்தான் அவருக்குக் கண். "மாமா, உங்க பொண்ணைவிட உங்க எஞ்சின்தான் சொன்ன பேச்சு கேக்குது" என்பார். அவள் அவர் தலையில் ஸ்பேனரால் தட்டுவது போலப் பாவனை செய்வாள். மூன்று பேரும் சிரிப்போம். அவள் அம்மா போன பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதே இவர் வந்த பிறகுதான்.

பிறகு அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பாப்பா ஓடிவந்துதான் சொன்னாள்.

"இந்தப் பந்தயம் ஜெயிச்சா எங்க ரெண்டு பேரையும் அவங்க டீம்ல எடுத்துக்கறாங்கப்பா. அங்கேயே வீடும் தர்றாங்க."

"எப்ப திரும்பி வருவீங்க?"

"திரும்பி எதுக்கு? நீங்களும் வந்துடுங்க."

"பட்டறையை யாரு பாக்கறது?"

"பூட்டிட்டு வாங்கப்பா. போதும், எவ்வளவு நாள்தான் கிரீஸ்லயே கிடப்பீங்க?"

பாசத்தில்தான் சொன்னாள். ஆனால் அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எதிரே இருந்த இரண்டு நாற்காலிகளையும் மனதுக்குள் காலியாக வைத்துப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சினேன். உடம்பு சரியில்லை என்றேன். அவளே டாக்டரிடம் கூட்டிப்போனாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அந்த டாக்டர் சொன்னபோது அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். தப்பிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை, ஐயா. தண்ணீரில் மூழ்குகிறவன் கைக்குக் கிடைத்ததைத்தானே பிடிப்பான்?

மாப்பிள்ளை ரோலர் டேப்பெட்தான் கேட்டார். "எல்லாரும் ரோலர்தான் போடறாங்க மாமா. தேய்மானமும் இல்ல."

"கனம் ஜாஸ்தி மாப்பிள்ளை. நீங்க விரட்டுற விரட்டுக்கு வால்வு ஸ்பிரிங்கால அதைப் பிடிச்சு நிறுத்த முடியாது. தட்டைதான் லேசு" என்றேன்.

முழுப் பொய்யும் இல்லை. அப்படி வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"சரி மாமா, உங்க கைக்கு மேல யாரு கை இருக்கு?" என்று எழுந்து போய்விட்டார்.

உயர்ந்த மேடுள்ள புதுத் தண்டைப் போட்டேன். அதன்மேல் கழித்துப் போட்ட எஞ்சின் ஒன்றிலிருந்து எடுத்த பழைய டேப்பெட்டுகளைத் துடைத்து, பளபளப்பாக்கி உட்காரவைத்தேன். என் கணக்கு இதுதான். புறப்பட்டதும் வருவது சமதளச் சாலை. அங்கேயே மேடுகள் தேயும், எஞ்சின் இருமும், வண்டி ஓரமாக நிற்கும். பந்தயம் கைநழுவிப் போகும். கம்பெனிக்காரர்கள் வேறு ஆளைப் பார்ப்பார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. அதோடு அன்று பாப்பாவுக்குக் காய்ச்சல். அவள் இடத்தில் வேறொருவர் உட்காருவதாகத்தான் ஏற்பாடு.

வண்டி புறப்படும் இடத்தில் அவள் தலைக்கவசத்தோடு வந்து நின்றாள்.

"காய்ச்சல் விட்டுடுச்சுப்பா. இவரை இன்னொருத்தர் கையில ஒப்படைக்க முடியுமா?"

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். ஒரு வார்த்தை போதும்தான். எஞ்சினில் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் திறந்து பார்ப்பார்கள். பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு என் முகத்தில் விழிப்பாளா? யோசித்துக்கொண்டே குனிந்து அவளுடைய பெல்ட்டை நானே மாட்டினேன். நன்றாக இழுத்து, இரண்டு முறை சரிபார்த்து இறுக்கினேன். அவள் இன்று உயிரோடு இருக்கிறாள் என்றால் அந்தப் பெல்ட்டால்தான். அதையும் எழுதிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

சமதளத்தில் எஞ்சின் நிற்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் நான் அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தேன். எண்ணெய்கூட உயர்ந்த ரகம். வேலையைக் கெடுத்துச் செய்ய இந்தக் கைக்கு வராது, அதுதான் வினையாகப் போயிற்று. அது மலை ஏறியது. தேய்ந்த இரும்புத்தூள் எண்ணெயில் கலந்து பேரிங்குகளுக்குள் போனது. இறக்கத்தில், பள்ளத்தை ஒட்டிய வளைவில், எஞ்சின் ஒரேயடியாக இறுகிச் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவள் சொன்ன முதல் பேச்சு: "'இடது'ன்னு லேட்டா சொல்லிட்டேன்பா. நான்தான் அவரைக் கொன்னுட்டேன்."

நான் அவள் தலையைத் தடவினேன். "விடும்மா. யாருக்கும் வரக்கூடிய தப்புதான். அப்பா உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

ஆமாம், மன்னித்தேன். வேறு யாரும் மன்னிக்கவில்லை. சம்பந்தியம்மா கட்டிலருகே நின்று, "உன் வாய் ஒரு நொடி முன்னாடி திறந்திருந்தா என் புள்ள இருந்திருப்பான்டி" என்று அடித்துக்கொண்டு அழுதார். நான் அந்த அம்மாளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குளிப்பாட்ட ஆள் வைத்து, நானே சமைத்து, நானே ஊட்டினேன். ஒரு நாள் கேட்டாள்: "அப்பா, நிஜமா சொல்லுங்க. எஞ்சின் நல்லாத்தானே இருந்துச்சு?" அவள் கண்களில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஏதாவது ஒரு கோளாறு இருந்திருக்கக் கூடாதா என்கிற கெஞ்சல். "பிரிச்சுப் பாத்தேம்மா. ஒரு குறையும் இல்ல" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பிறகு பேசவில்லை. இப்போது சாப்பிடுவதும் இல்லை. குழாய் வழியாகத்தான் ஏதோ இறங்குகிறது. மனதில் இருப்பது போகாமல் உடம்பு தேறாது என்கிறார் டாக்டர். அந்தப் பெண் பிழைக்க நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன், ஐயா. உயிரைக் கேட்டாலும் கொடுப்பேன்.

நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். அவள் அந்த வண்டியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? எந்தத் தண்டனையும் கொடுங்கள், நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இது அவள் காதுக்குப் போக வேண்டாம். அவளுக்கென்று இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அப்பா ஒருவன்தான், அதையும் பிடுங்கிவிட்டால் பாவம், என் குழந்தை எப்படித் தாங்குவாள்?