எழுதும் அனுமதி

ஐயா, வெளியே கிளம்பும்போது பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் நான் படியிறங்கியதில்லை. என் மனைவி கேலி செய்வாள். என் வேலையே பூட்டுகிற வேலைதான் என்பது அவளுக்கு வசதியாக மறந்துவிடும்.

மூச்சுக் கருவி செய்யும் கம்பெனியில் கெர்னல் என்கிற அடிப்படை மென்பொருளைக் கவனிப்பவன் நான். கருவிக்குள் ஓடும் எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்து அனுமதி கொடுப்பது அதுதான். காற்று எவ்வளவு அழுத்தத்தில் போக வேண்டும், எப்போது அலாரம் அடிக்க வேண்டும் என்ற அளவுகள் நினைவகத்தில் ஒரு பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படிக்கலாம், எழுத முடியாது. மாற்ற வேண்டுமானால் எழுதும் அனுமதியைத் திறந்து, எழுதி, உடனே மூட வேண்டும். அலுவலகத்தில் இதற்கு எப்போதும் இரண்டு பேர் உட்காருவோம். "மூடியாச்சா?" என்று ஒருவர் கேட்பார். "மூடியாச்சு" என்று மற்றவர் சொன்ன பிறகுதான் எழுந்திருப்போம்.

என் மாமனார் எங்களோடு இருந்தார், எங்கள் கம்பெனிக் கருவியோடு. வெளியூர் மாற்றல் பற்றி நான் பேச்செடுத்தால் போதும், அவருக்கு மூச்சு முட்டும். காபி வந்தால் சரியாகிவிடும். கையைத் தூக்கவே முடியாதவர் என்று மனைவி சொல்வாள். டிவி ரிமோட்டோ தினமும் கட்டிலில் வேறொரு பக்கம் கிடக்கும். நான் கவனித்துக்கொண்டே வந்தேன்.

"அப்பா நடிக்கிறாருன்னா சொல்றீங்க?" என்றாள் ஒருநாள்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே" என்றேன். உள்ளுக்குள் எரிச்சலாக இருந்தது.

அன்று மதியம் அவள் பல் டாக்டரிடம் போயிருந்தாள். மடிக்கணினியைக் கருவியில் இணைத்தேன்.

"என்ன மாப்ள பண்றீங்க?"

"சர்வீஸ்தான் மாமா. நீங்க தூங்குங்க."

அனுமதியைத் திறந்தேன். காற்றழுத்தத்தை அடியோடு குறைத்து, அலாரத்தை ஊமையாக்கிவிட்டு மூடினேன். "மூடியாச்சா?" என்று நானே கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

பக்கம் மறுபடி திறக்கவில்லை. ஒருமுறை திறந்து மூடினால், கருவியை அணைத்து மறுபடி போடும்வரை அது யாருக்கும் திறக்காது. போன மாதம் அந்த விதியைச் சேர்த்தவனே நான்தான். அப்படி அணைத்துப் போட்டால் பழைய அளவுகள் தாமாகவே வந்துவிடும். சுவிட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அவர் கை மெத்தையைப் பிறாண்டியது. தூக்க முடியாத கை, பாருங்கள். இப்போது சுவிட்சைத் தொட்டால் என் சந்தேகம் கடைசிவரை தீராமலே போய்விடும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கை நின்ற பிறகும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து கதறியபோதும் அவர் முகத்தைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. செய்தது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்தும் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும், ஐயா. அவரைப் பிணவறையில் தனியாகவா விட்டிருக்கிறீர்கள்? யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து அவர் கையைக் கவனித்துக்கொண்டிருப்பது நல்லது.