வெடி கேட்டால் வெளியே

“ஏனுங்க மேடம், குருவிச் சத்தம் கேட்டுப் படிச்ச காது குண்டுச் சத்தம் தாங்குமுங்களா?”

எல்லை முகாமில் நான் சேர்ந்த அன்று செந்திலண்ணன் கேட்டது. சரக்கு லாரி ஓட்டும் சிப்பாய். என்னைப் போலவே தொண்டாமுத்தூர்ப் பக்கம். தாங்கும் என்றேன். “அப்பச் சரிங்க அம்மணி” என்று சிரித்தார்.

அவர் பயந்து ஓடிச் செத்தார் என்கிறார்கள். நான் அங்கே இருந்தேன்.

வைகாசி. வெள்ளிக்கிழமை விடியல். முதலில் ஒரு சீழ்க்கை. பிறகு அதிர்வு. நான் இருந்த சரக்குக் கிடங்கின் கல்சுவர் மண்ணை உதிர்க்கிறது. தரையில் வெட்டிய குழிக்குள் குதிக்கிறேன். இரண்டாவது குண்டு. இன்னும் பக்கத்தில். சரிவில் பாடிக்கொண்டிருந்த பறவைகள் ஒரேயடியாகப் பாட்டை நிறுத்துகின்றன. அந்த நேரத்திலும் அதைக் கவனித்தேன். பழக்கம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தென்னந்தோப்பில் கூலி. விலங்கியல் படித்தேன். மலையடிவாரத்தில் பறவைகளைக் குரலை வைத்தே கணக்கெடுத்தேன். குக்குறுவான் எந்த மரத்தில் உட்கார்ந்து கத்துகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த வேலை ஆண்டில் சில மாதங்கள்தான். ராணுவத் தேர்வு எழுதினேன். அதிகாரியானேன். அம்மா என் சீருடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

கதவு இடிபடுகிறது.

“மேடம்! உள்ள இருக்காதீங்க! வெளிய வாங்க!”

செந்திலண்ணன். இரவெல்லாம் லாரி ஓட்டிவிட்டுப் பதுங்குகுழியில் தூங்கியவர். பத்திரமான இடத்தில் இருந்தவர்.

“உள்ள வாங்கண்ணா! குதிங்க!”

“செவுரு உழுந்துபோடுமுங்க! வெளிய ஓடியாங்க!”

அந்தச் சொல்லில் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் வெடிச்சத்தம் என்றால் யானை. தோட்டத்தில் யானை இறங்கினால் வெடி போட்டு விரட்டுவார்கள். மிரண்ட யானை சில நேரம் அரிசி வாசத்துக்கு வீட்டுச் சுவரை முட்டித் தள்ளும். உள்ளே இருந்தால் நசுங்குவோம். அதனால் வெடி கேட்டதும் வாசலுக்கு ஓடுவோம். தூங்குகிறவர்களையும் இழுத்துக்கொண்டு ஓடுவோம். நடக்கப் பழகும்போதே பழகியது. குண்டு விழுந்தால் படு என்று ராணுவம் அவருக்குப் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்திருந்தது. அரைத்தூக்கத்தில் ஊர்தான் முந்திக்கொண்டது.

மூன்றாவது சீழ்க்கை. என் இடது காது கடைசியாகக் கேட்டது அது.

சுவர் விழவில்லை. குண்டு விழுந்தது வெளியே, அவரும் அவருடைய லாரியும் நின்ற இடத்தில்.

விசாரணையில் எழுந்து நின்று சொன்னேன். அவர் ஓடியது என்னை நோக்கி. ஆனால் ஊருக்குள் வேறு பேச்சு முன்னால் வந்துவிட்டிருந்தது. மார்கழியில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கவிதாக்கா ஒன்றுதான் கேட்டார். “பயந்துதான் ஓடுனாருங்களா?”

நடந்ததைச் சொன்னேன்.

“ஆனைன்னு நெனச்சுப்போட்டாரா?” அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். “கண்ணாலமான புதுசுல தீவாளி வெடிக்கே என்னைய இழுத்துட்டுப் போயி வாசல்ல நிறுத்துன மனுசனுங்க அவரு.”

பொழுது சாய்கிறது. வெடி.  நான் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறேன். எப்போது புகுந்தேன் என்று தெரியாது. கைகள் தலைமேல். அவர் மகள் தாரணி குனிந்து பார்க்கிறாள்.

“அத்தை, ஆனை வந்துருச்சுங்க. வெளிய வாங்க!”

கையைப் பிடித்து இழுக்கிறாள். அப்பாவின் அதே அவசரம். உடம்பு தரையை விடவில்லை.

போனவை இவை. செந்தில்குமார், ஓட்டுநர். ஒரு பெண்ணின் கணவர். ஒரு குழந்தையின் அப்பா. அவருடைய லாரி. என் இடது காது. அதோடு குக்குறுவானின் மரமும். ஒற்றைக் காதுக்குக் குரல் கேட்கும். திசை தெரியாது.

கவிதாக்கா பக்கத்து வீட்டாரிடம் உரக்கச் சொல்வது கேட்கிறது. “எங்கூட்டுக்காரர் பயந்து ஓடலீங்க. இந்தப் புள்ளையக் கூப்புடப் போனாருங்க.”

எந்தப் பக்கமிருந்து கேட்கிறது என்று தெரியவில்லை. தாரணி இழுத்த பக்கம் எழுந்து நடந்தேன். வாசலைத் தாண்டிவிட்டேன்.